ஏணி பிடித்த உபதேசியாரும் ஒரு நன்னடத்தைச் சான்றிதழும்

போன மாதம் கிரேஸ் போன் செய்தாள். எங்கள் மலைச் சபையில் இப்போது உபதேசியார் வேலை பார்ப்பவள் அவள்தான். நான் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து தேய்த்த நாற்காலி அது. உபதேசியார் என்றால் ஆயருக்கு அடுத்த ஆள். அவர் பிரசங்கம் செய்வார், ஞானஸ்நானம் கொடுப்பார். வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, எஸ்டேட் லைன் வீடுகளில் ஜெபக்கூட்டம் நடத்துவது, மைக் வேலை செய்யாவிட்டால் அதன் தலையில் தட்டுவது எல்லாம் எங்கள் பாடு. எல்லாவற்றுக்கும் மேலாகத் திடப்படுத்தல் வகுப்பு. குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்த பிறகு பாடம் படித்து, கேள்விக்குப் பதில் சொல்லி, பேராயர் முன்னால் மண்டியிட வேண்டும். அவர் தலையில் கை வைத்து ஜெபித்த பிறகுதான் திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் கிடைக்கும்.

"ஐயா, திடப்படுத்தல் விண்ணப்பமெல்லாம் இப்ப போன்லயே வந்துடுச்சுங்க. கடைசில ஒரு கட்டம் இருக்குதுங்க. மூணு பேர் கையெழுத்துப் போட்ட நன்னடத்தைச் சான்றிதழை போட்டோ புடிச்சுப் போடோணுமாம். போடலைன்னா விண்ணப்பமே உள்ள போக மாட்டேங்குது. யாருங்கய்யா இதைக் கண்டுபுடிச்சது? பசங்க வையறாங்க."

"வையட்டும் கண்ணு. கண்டுபுடிச்சது நான்தான்" என்றேன்.

கிரேஸ் உடனே, பழைய சான்றிதழ் ஏதாவது இருந்தால் மாதிரிக்கு அனுப்பும்படி கேட்டாள். ஒன்று இருக்கிறது. ஆனால் அதை மட்டும் அனுப்பினால் அவளுக்குத் தலையும் புரியாது, காலும் புரியாது. அதனால் இதை எழுத வேண்டியதாகிவிட்டது.

என் பயிற்சி வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கீழே சமவெளியில் இரண்டு வருஷம். வேதபாடம், கொசுக்கடி, ஆர்மோனியம். ஆர்மோனியத்தில் ஒரே ஒரு பாட்டு வாசிக்க வந்தது. அதையே கல்யாணத்துக்கு வேகமாகவும் அடக்கத்துக்கு மெதுவாகவும் வாசித்து ஓய்வு பெறும்வரை ஓட்டிவிட்டேன். பாடம் நடத்துவதில் மட்டும் நான் கெட்டிக்காரன். என் வகுப்பில் படித்தவர்கள் பேராயர் முன்னால் திக்கியதே இல்லை. அதிலும் ஏழாம் பாடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஏழாம் பாடம் என்பது விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல். மனிதன் கடவுளுக்கு முன் எப்படி நீதிமானாகிறான் என்பது கேள்வி. தன் நற்கிரியைகளினால் அல்ல, கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசத்தினால் மட்டுமே, கிருபையாக, இலவசமாக என்பது பதில். "இலவசமாக" என்ற இடத்தில் நான் மேஜையைத் தட்டுவேன். பிள்ளைகளும் தட்டுவார்கள். மேஜையின் ஒரு கால் அதிலேயே போயிற்று.

இனி ஏணிக்கு வருகிறேன். கோயில் வளாகத்தில் நாலு சில்வர் ஓக் மரங்கள். நாலிலும் மிளகுக் கொடி. ஒரு ஜனவரி மாதம், பட்டப்பகல், பாட்டு நம்பர்ப் பலகையை மாற்றுவதற்காகக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மரத்துக்கு மேலிருந்து ஒரு குரல்.

"உபதேசியாரே, நல்ல வேளைக்கு வந்தீங்க. ஏணி ஆடுதுங்க. சித்த புடிங்க."

அண்ணாந்து பார்த்தேன். ராபர்ட். கொட்டச்சேட்டில் ஒரு எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறவன். எங்கள் சபைப் பிள்ளைதான், ஆனால் பதினைந்து வயதில் திடப்படுத்தல் வகுப்பிலிருந்து ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினவன், திரும்ப வரவே இல்லை. ஆயர்தான் ஆள் விட்டுப் பறிக்கச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். ஏணியைப் பிடித்தேன். முதல் மரம் முடிந்ததும் இரண்டாவது மரத்துக்கு ஏணியைத் தூக்கி வைத்துக் கொடுத்தேன். சாக்கு நிரம்பியதும் அவன் தலைக்கு ஏற்றிவிட்டேன். "பாத்துப் போ சாமி, வழுக்கும்" என்று வேறு சொன்னேன்.

மறுநாள் அப்போதிருந்த ஆயர், மிளகு பறிக்க எப்போது ஆள் விடலாம் என்று என்னிடம் கேட்டார்.

சபைக் கமிட்டி ராபர்ட்டைக் கூப்பிட்டு விசாரித்தது. "நான் என்னங்க ஒளிஞ்சா எடுத்தேன்? உபதேசியார்தான் ஏணி புடிச்சாருங்க. அவரையே கேளுங்க" என்றான். கமிட்டியில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பாதி மிளகு திரும்பி வந்தது, மீதியை அவன் ஏற்கெனவே விற்றுவிட்டிருந்தான். எனக்கு மட்டும் ஒரு பட்டப்பெயர் முழுசாக வந்து சேர்ந்தது. ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கினால் "ஏணி உபதேசியார் வந்துட்டாருங்க" என்று யாராவது சொல்வார்கள். சின்னப் பிள்ளைகள் அதுதான் என் பெயர் என்றே நினைத்துக்கொண்டார்கள். என் கோபத்துக்கு அளவே இல்லை.

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் நன்னடத்தைச் சான்றிதழ். ஒரே வாரத்தில் எழுதினேன். வாசகம் இதுதான்: மேற்படி நபரை எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியும். அவர் மது, சூது, பொய், களவு இல்லாதவர், அண்டை வீட்டாருடன் சமாதானமாக இருப்பவர் என்று சான்றளிக்கிறேன். அதன் கீழே மூன்று கையெழுத்துக்கு இடம். சொந்தக்காரர் கையெழுத்து செல்லாது. இது இருந்தால்தான் திடப்படுத்தல். கமிட்டி டீ வருகிற அவசரத்தில் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. சபையின் ஒழுங்குக்காக என்றுதான் வெளியே சொன்னேன். உண்மையில் "களவு" என்ற அந்த ஒரு சொல் ஒரே ஒரு ஆளுக்காக எழுதியது. ராபர்ட்டின் மனைவி எஸ்தர் அவனை எப்படியாவது வகுப்பில் சேர்க்கப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஏழாம் பாடத்தை நடத்திக்கொண்டே இந்தப் படிவத்தையும் கையில் வைத்திருந்தேன். ஒரு கையால் இலவசம் என்று மேஜையைத் தட்டுவேன், மறு கையால் படிவத்தைக் கொடுப்பேன். எனக்கு எதுவுமே உறுத்தவில்லை.

சில வருஷம் கழித்து மனாசே ஐயா ஆயராக வந்தார். ஒல்லியான மனிதர். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் "அப்படிங்களா" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவருக்கு ஒரு விசித்திரப் பழக்கம். எந்தக் காகிதம் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகையைக்கூட அப்படித்தான். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"முன்பக்கம் கமிட்டிக்கு எழுதறதுங்க. மனசுல இருக்கறதை ஜனங்க பின்பக்கந்தான் எழுதுவாங்க" என்றார்.

உண்மைதான். லீவு லெட்டர்களின் பின்னால் மாமியார் சண்டையெல்லாம் இருக்கும்.

அவர் காலத்தில் ஒரு வருஷம் பேராயர் மலைக்கு வருவதாகத் தகவல் வந்தது. பேராயர் எங்கள் மலை ஏறுவது எப்போதாவதுதான். அந்த வாரமே எஸ்தர் என் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு இருதயத்தில் வால்வு கோளாறு, சேலத்தில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். பேராயர் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வாரம்.

"கல்யாணமாகி இருவது வருசத்துக்கு மேல ஆச்சுங்க. ஒவ்வொரு திருவிருந்துக்கும் நான் உள்ள போறேன், அவரு மரத்தடியில என் செருப்பையும் குடையையும் புடிச்சுட்டு நிக்கறாருங்க. ஆபரேசனுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒருக்கா அவரோட சேந்து மண்டி போட்டு வாங்கோணுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

"வகுப்புக்கு வரச் சொல்லு. மூணு கையெழுத்தும் கொண்டாரச் சொல்லு" என்றேன்.

எந்த வீட்டிலும் அவனுக்குக் கையெழுத்துக் கிடைக்காது என்று தெரிந்தேதான் சொன்னேன். இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ராபர்ட் வகுப்புக்கு வந்தான். ஐம்பது வயது ஆள், பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தான். ஒருநாள்கூடத் தவறவில்லை. ஜன்னல் பக்கம் அவனை உட்கார வைக்காமல் நான் பார்த்துக்கொண்டேன்.

தேர்வு நாள். எங்கள் முறை இப்படி: கோயிலுக்குப் பின்னறையில் ஒரு மேஜை, இந்தப் பக்கம் ஆயரும் நானும், எதிரே ஒரு நாற்காலி. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஐந்து கேள்வி கேட்பேன். ஆயர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். முடிந்ததும் விண்ணப்பத்தையும் சான்றிதழையும் இடது மூலையில் குண்டூசி குத்தி அவரிடம் நீட்டுவேன். அவர் திருப்பிப் பின்பக்கம் பார்த்துவிட்டு, பிறகு முன்பக்கம் பார்த்து, ஃபைலில் வைப்பார். பிள்ளைகள் எல்லோரும் மடமடவென்று ஒப்பித்தார்கள். மேஜை நன்றாக அடி வாங்கியது.

கடைசியாக ராபர்ட். நேராக ஏழாம் பாடத்தைக் கேட்டேன். மனிதன் கடவுளுக்கு முன் எப்படி நீதிமானாகிறான்?

"பாடத்துல இருக்கற மாதிரி எனக்குச் சொல்ல வராதுங்க. எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேனுங்க. எங்க எஸ்டேட் கேட்ல சாயங்காலம் எல்லாரையும் சோதனை போட்டுத்தான் வெளிய உடுவாங்க. நான் தனியா நடந்து போனா வாட்ச்மேன் மடியை அவுக்கச் சொல்லுவான். அவன் மேல தப்பில்லைங்க, என் பேரு அப்படி. ஆனா முதலாளி ஜீப்புல அவரு பக்கத்துல உக்காந்து போனா, கேட்டைத் தொறந்து சலாம் போடுவானுங்க. அந்தச் சலாம் எனக்கில்லைங்க. பக்கத்துல இருக்கறவருக்கு. நானாப் போயி நான் நல்லவன்னு நின்னா கேட்லயே புடிச்சுருவாங்க. அவரோட போனா கேட்டு தானாத் தொறந்துரும். அவ்வளவுதானுங்க எனக்குத் தெரிஞ்சது."

முப்பத்தொரு வருஷத்தில் ஏழாம் பாடத்துக்கு எனக்குக் கிடைத்த ஒரே பதில் அதுதான். மற்றதெல்லாம் நான் கொடுத்து நானே திரும்ப வாங்கிக்கொண்டது. ஆனால் அன்றைக்கு இது எனக்குத் தோன்றவில்லை. மேஜையைத் தட்டாமல் சொல்லிவிட்டானே என்றுதான் தோன்றியது.

"சரி. சான்றிதழ் எங்க?" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மூன்று கோடுகளும் காலி.

"ஒருத்தரும் போடலைங்க. போட மாட்டாங்கன்னு எனக்கே தெரியுமுங்க. ஆனா ஏனுங்க உபதேசியாரே, கடவுளே கேக்காத சர்ட்டிபிகேட்டை நீங்க ஏனுங்க கேக்கறீங்க?"

"சபைன்னா ஒரு ஒழுங்கு வேண்டாமா? கண்டவனெல்லாம் வந்து நின்னா..." என்று ஆரம்பித்தேன். ஆயர் பக்கம் திரும்பினேன். கண்ணாடி கையில் இருந்தது. துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்படிங்களா" என்றார்.

ராபர்ட்டை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, என்னிடம் நிதானமாகப் பேசினார்.

"விசுவாசம் வந்தா நடத்தை பின்னால வருங்க. வரலைன்னா அப்ப நாம கேக்கலாம். நீங்க காப்பிச் செடியை நடறதுக்கு முன்னாடியே பழத்தைக் காட்டுன்னு கேக்கறீங்களே."

நான் விடவில்லை. "ஐயா, ஒழுங்கா வாழறவனுக்கு இது ஒரு கஷ்டமே இல்லைங்க. நானா இருந்தா ஒரே காலைல மூணு கையெழுத்து வாங்கிட்டு வந்துருவேன்" என்றேன்.

அவர் ஒரு காலிப் படிவத்தை எடுத்தார். பழக்கப்படி பின்பக்கம் பார்த்தார். பிறகு என் பெயரை அழகாக எழுதி என்னிடம் கொடுத்தார்.

"வாங்கிட்டு வாங்க. நீங்க திடப்பட்டப்ப இந்தப் படிவம் இல்லைங்களே. சனிக்கிழமைக்குள்ள கொண்டாந்தாப் போதும். அதுவரைக்கும் ராபர்ட் பேப்பர் மேஜை மேலயே இருக்கட்டும்."

முதலில் பக்கத்து வீட்டு ஜெயராணி டீச்சரிடம் போனேன். கிளியூர் ரோட்டில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி, என் பக்கம் ஒரு பட்டர் ஃப்ரூட் மரம். டீச்சர் கண்ணாடி போட்டுக்கொண்டு படிவத்தை முழுசாகப் படித்தார். "அண்டை வீட்டாருடன் சமாதானமாக" என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"ஏனுங்க, இதை நான் எப்படிங்க போடறது? உங்க மரத்துப் பழம் என் ஓட்டு மேல உழுந்து பதினோரு ஓடு போயிருக்குது. கேட்டா, காத்து கர்த்தருடையதுன்னு சொன்னீங்க. இதுல எழுதறதுக்கு எடம் இருக்குங்களா?"

முன்பக்கம் இடம் இல்லை. திருப்பி, பின்பக்கத்தில் பத்து வரி எழுதினார். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

அடுத்தது ஒண்டிக்கடையில் டீக்கடை ஸ்டீபன். கமிட்டி மெம்பர், எனக்கு வேண்டியவர். பேனாவைக்கூட எடுத்துவிட்டார். பிறகு "பொய்" என்ற சொல்லில் நின்றார்.

"தப்பா நினைக்கப்படாது. எத்தனையோ வருசமா என் கடையில டீ குடிக்கறீங்க. நொம்ப நல்லா இருக்குன்னு சொல்லிட்டு, நான் அந்தப் பக்கம் திரும்பினதும் பாதியை ரோசாச் செடிக்கு ஊத்தறீங்க. நான் பாக்கலைன்னு நினைச்சீங்களா? செடியே பட்டுப்போச்சுங்க. பொய் இல்லாதவர்னு நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?"

அவரும் படிவத்தைத் திருப்பினார். டீச்சர் எழுதியிருந்ததைப் படித்து, "பதினோரு ஓடுங்களா?" என்று ஆச்சரியப்பட்டு, அதற்குக் கீழே தன் பங்கை எழுதினார்.

இப்படியே இரண்டு நாள். ஒருவரும் கெட்டவர் இல்லை, எல்லோரும் என்மேல் மரியாதை உள்ளவர்கள்தான். உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள், பிறகு படிவத்தைத் திருப்பினார்கள். கோபக்காரர், பிள்ளைகளைக் குட்டுவார், சாவு வீட்டில் ஜெபத்தை இழுப்பார் என்று ஆளுக்கு ஒன்று. நான் எழுதின படிவம், நான் போட்ட சொற்கள், ஒவ்வொன்றும் என் காலைத் தடுக்கின. வெள்ளிக்கிழமை பின்பக்கம் நிரம்பிவிட்டது. முன்பக்கம் என் பெயரைத் தவிர ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் நீட்டினேன்.

"சொந்தக்காரங்க கையெழுத்து செல்லாதுன்னு நீங்கதானுங்க எழுதி வச்சீங்க" என்றாள். பிறகு படிவத்தைத் திருப்பிப் படித்துவிட்டு, "அதுவும் நல்லதுக்குத்தான்" என்றாள்.

சனிக்கிழமை காலை கொட்டச்சேட்டுக்குப் பஸ் ஏறினேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போகிறதுக்கு வேறு வீடு இல்லை என்பதுதான் உண்மை. ராபர்ட் எஸ்டேட் ஷெட்டில் ஜீப் கழுவிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, படிவத்தை வாங்கி, ஜீப் பானெட்டின் மேல் வைத்து, முதல் கோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

"ஏம்ப்பா, ஒரு வரியாவது படிச்சுப் பாத்துட்டுப் போடக் கூடாதா? பின்னாடி என்னென்னமோ எழுதியிருக்குது" என்றேன்.

"தெரியுமுங்க. எழுத்து இந்தப் பக்கமே தெரியுது. திருப்பிப் பாத்தா அப்புறம் போட முடியாதுங்களே" என்றான். பிறகு, "மூணு வேணுமுங்களா? வேணும்னா இன்னும் ரெண்டையும் நானே போட்டுறட்டுங்களா?" என்று கேட்டான்.

கேலி இல்லை, நிஜமாகவே கேட்டான். நான் ஜீப்பின் மறுபக்கம் போய், மலையைப் பார்க்கிற மாதிரி நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஏழாம் பாடத்தை எனக்கு அந்த ஷெட்டில்தான் யாரோ முதல்முதலாக நடத்தினார்கள்.

மத்தியானம் மனாசே ஐயாவிடம் படிவத்தைக் கொடுத்தேன். நான் பயந்தபடியே முதலில் திருப்பினார். பின்பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தார். ரோஜாச் செடி வந்த இடத்தில் உதடு லேசாகத் துடித்தது. பிறகு முன்பக்கம் பார்த்தார். அந்தக் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மூணுக்கு ஒண்ணுதான் இருக்குது. உங்க விதிப்படி நாளைக்கு உங்களுக்குத் திருவிருந்து கிடையாதுங்களே."

"ஆமாங்க."

"வாங்கோணும்னு ஆசைங்களா?"

"ஆமாங்கய்யா."

"அப்ப ராபர்ட் வர்ற வழியிலயே நீங்களும் வாங்க. எனக்கும் வேற வழி தெரியாதுங்க."

மேஜை மேல் கிடந்த ராபர்ட்டின் விண்ணப்பத்தை எடுத்து, சான்றிதழைப் பிரித்துவிட்டு, ஃபைலில் வைத்தார். என் படிவத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அதோடு அந்தப் படிவம் நின்றது. அவர் மாற்றலாகி, நானும் ஓய்வு பெற்ற பிறகு யாரோ பீரோவைச் சுத்தம் செய்தபோது ஒரு கட்டு கிடைத்திருக்கிறது. நல்ல ஏற்பாடாக இருக்கிறதே என்று புதுக் கமிட்டி உயிர் கொடுத்துவிட்டது. இப்போது போனுக்குள்ளும் போய்விட்டது. கிரேஸ், கமிட்டியில் இதைப் படித்துக் காட்டு. அந்தக் கட்டத்தை எடுக்கச் சொல். எடுக்க மாட்டோம் என்றால், அவரவர் பெயருக்கு ஒரு படிவம் கொடுத்து மூன்று கையெழுத்து வாங்கி வரச் சொல். மாதிரி கேட்டாய் அல்லவா? என்னிடம் இருப்பது இந்த ஒன்றுதான். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். இப்போது மரத்தை வெட்டியாயிற்று என்று ஜெயராணி டீச்சர் கீழே ஒரு வரி சேர்த்துக் கொடுத்திருக்கிறார். எஸ்தரின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ராபர்ட்டை அவள் திட்டுவது இன்றும் அடுத்த எஸ்டேட் வரைக்கும் கேட்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் சொல்லிவிடுகிறேன். பேராயர் ராபர்ட்டின் தலையில் கை வைத்து ஜெபித்தார். திருவிருந்து தொடங்கியதும் அவனும் எஸ்தரும் சேர்ந்து வந்தார்கள். செருப்பும் குடையும் மரத்தடியில் தனியாகக் கிடந்தன. வரிசையை ஒழுங்குபடுத்த நான் பீடத்துப் படி ஓரத்தில் நின்றிருந்தேன். எஸ்தர் மண்டியிட்டாள். ராபர்ட் பாதி குனிந்தவன் அப்படியே நின்றான். கால்கள் நடுங்கின. பக்கவாட்டில் என்னைப் பார்த்தான்.

"உபதேசியாரே, ஆடுதுங்க. சித்த புடிங்க."

பிடித்தேன். இந்த முறை எதற்கு என்று தெரிந்தே பிடித்தேன். அவன் மண்டியிட்டு, அவளோடு சேர்ந்து வாங்கினான். பக்கத்தில் ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது. அதில் நானும் குனிந்தேன். என் முழங்காலும் ஆடியது. ராபர்ட் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி என்னைப் பிடித்துக்கொண்டான்.